கடைசிப் பத்து சென்டிமீட்டர்

ஸ்வீடனின் வாசா போர்க்கப்பல் 1628-ல் தன் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்துக்குள் கவிழ்ந்து மூழ்கியது. மூன்று நூற்றாண்டுக்கும் மேலாக அடிச்சேற்றில் கிடந்த அதை 1961-ல் ஏறக்குறைய முழுசாக வெளியே எடுத்தார்கள். பல ஆண்டுகள் பதப்படுத்தி, தனி அருங்காட்சியகம் கட்டி, உலகமே வந்து பார்க்கும்படி நிறுத்தினார்கள். 2000-ம் ஆண்டு மழை மிகுந்த கோடைக்குப் பிறகு அந்த ஓக் மரத்தின் மேல் அமில உப்புகள் பூக்கத் தொடங்கின. மரத்திலிருந்து துளைத்தெடுத்த துணுக்குகள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உள்ள சிங்க்ரோட்ரான் ஆய்வகத்துக்குப் போயின. எலெக்ட்ரான்களை வளையத்தில் மிக வேகமாகச் சுற்றவிட்டு வலிமையான எக்ஸ் கதிரை உண்டாக்கும் இயந்திரம்தான் சிங்க்ரோட்ரான். விடை 2002-ல் நேச்சர் இதழில் வெளியானது. மாசடைந்த துறைமுக நீரில் பாக்டீரியாக்கள் உண்டாக்கிய ஹைட்ரஜன் சல்பைடு மரத்துக்குள் ஊறி, ஏறத்தாழ இரண்டு டன் கந்தகமாகத் தங்கியிருக்கிறது. துருப்பிடித்த இரும்பு ஆணிகளின் தூண்டுதலில் அது மெல்ல மெல்லக் கந்தக அமிலமாக மாறிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு கந்தகம் இருக்கிறது என்பதைச் சாதாரண வேதியியல் சோதனையே சொல்லிவிடும். அதில் எவ்வளவு ஏற்கெனவே அமிலமாகிவிட்டது, எவ்வளவு இன்னும் காத்திருக்கிறது என்பதுதான் அருங்காட்சியகத்துக்குத் தேவைப்பட்ட கணக்கு. அதைச் சொன்னது எக்ஸ் கதிர்.

அந்தக் கணக்கு எங்கே கைதவறிப் போயிருக்கக்கூடும் என்பதிலிருந்துதான் இந்தக் கட்டுரையின் வாதம் தொடங்குகிறது. கந்தகத்தை அடையாளம் காட்டும் எக்ஸ் கதிரின் ஆற்றல் சுமார் 2,472 எலெக்ட்ரான் வோல்ட். ஆக்சிஜனோடு முழுமையாகச் சேர்ந்து சல்பேட் ஆகிவிட்டால் அது சுமார் 10 எலெக்ட்ரான் வோல்ட் மேலே நகரும். இந்தச் சிறு நகர்வை வைத்துத்தான் ‘ஆகிவிட்டது’, ‘இன்னும் ஆகவில்லை’ என்று பிரிக்கிறார்கள். ஆனால் இந்த ஆற்றலில் எக்ஸ் கதிர் மிகவும் சாது. மருத்துவமனையில் நம் எலும்பைப் படம் பிடிக்கும் கதிர் அறை முழுதும் காற்றைக் கடந்து வரும். இந்தக் கதிரோ வெறும் 10 சென்டிமீட்டர் காற்றைக் கடப்பதற்குள் நூற்றுக்கு 96, 97 பங்கை இழந்துவிடும். மாதிரியில் பட்டு, கந்தகம் திருப்பி உமிழும் கதிர் இன்னும் மெலிந்தது. அது உணர்கருவியைச் சென்று சேர மறுபடியும் காற்றைக் கடந்தாக வேண்டும். அதே 10 சென்டிமீட்டரில் காற்றை எடுத்துவிட்டு ஹீலியத்தை நிரப்பினால் இழப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. எனவே மாதிரியை ஒரு பெட்டிக்குள் வைத்து, காற்றை வெளியே தள்ளி, ஹீலியத்தால் நிரப்பி, அதை அப்படியே காக்கிறார்கள். அங்கே வேலை செய்பவர்கள் அதைச் சேம்பர் என்பார்கள். கோடிகள் கொட்டிக் கட்டிய வளையத்திலிருந்து வரும் ஒளி, பயன்படுகிறதா வீணாகிறதா என்பது இந்தப் பெட்டிக்குள்தான் முடிவாகிறது.

அந்தப் பெட்டியைப் பராமரிப்பது அறிவியல் வேலைதான், அளவீட்டின் ஒரு பகுதிதான்; ஆய்வு முடிந்தபின் செய்யும் துப்புரவு வேலை அல்ல. ஆகவே அதற்கென்று நிரந்தரமான ஆளும், தனி நிதி ஒதுக்கீடும், தரவோடு சேர்ந்து போகும் பதிவும் இருக்க வேண்டும். இதுதான் நான் சொல்ல வருவது. கேட்பதற்கு இது எளிய விஷயமாகத் தெரியும். ஆனால் ஆய்வு நிதி கோரும் விண்ணப்பங்களையும் ஆண்டறிக்கைகளையும் புரட்டினால் காந்தங்கள், ஒளியியல் கருவிகள், உணர்கருவிகள் எல்லாம் தலைப்பு பெற்று நிற்கும். ஓ-ரிங்கும் வாயுக் குழாயும் ‘இதர செலவுகள்’ என்ற வரிக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

அந்த ‘இதர’த்துக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். பெட்டிக்குள் கதிர் நுழையவும் வெளியேறவும் ஜன்னல் வேண்டும். கண்ணாடி உதவாது, காப்டான் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான் வழக்கம். 25 மைக்ரான் தடிமனுள்ள காப்டான் கந்தகத்துக்கான கதிரில் ஏறக்குறைய பாதியை விழுங்கிவிடும். 8 மைக்ரான் என்றால் ஐந்தில் ஒரு பங்குதான் போகும். ஆகவே மெல்லியதைத்தான் போட வேண்டியிருக்கிறது. மெல்லியதோ எளிதில் கீறும், சுருங்கும், ஓரத்தில் ஒட்டு விடும். கீறலே இல்லாவிட்டாலும் ஹீலியம் அந்தப் படலத்தின் ஊடாகவே கசியும். வெளியிலிருந்து ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே ஊறும். கதவின் விளிம்பில் அழுத்திப் பொருத்தும் ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி சிக்கினால் போதும், அந்தப் பக்கம் முழுதும் மூடாத கதவுதான். சாதாரண ரப்பரைப் போட்டால் வேறு தொல்லை: ரப்பரைக் கெட்டிப்படுத்தச் சேர்ப்பதே கந்தகம்தான். கந்தகத்தைத் தேடும் பெட்டியின் உள்சுவரிலேயே கந்தகம். சில வகைக் கையுறைகளிலும் அது உண்டு. எந்த ரப்பர், எந்தக் கையுறை, எந்த ஒட்டுநாடா என்பதையெல்லாம் அறிந்த ஒருவர் இருந்தால்தான் அங்கே வரும் ஆராய்ச்சி மாணவர் தப்பிப்பார்.

வாயுவை நிரப்புவதற்கும் கணக்கு உண்டு. உள்ளே வரும் ஹீலியம் அங்கிருக்கும் காற்றோடு நன்றாகக் கலந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், பெட்டியின் கொள்ளளவுக்குச் சமமான வாயு ஒருமுறை ஓடினால் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எஞ்சும். நூற்றில் ஒன்றாகக் குறைக்க ஏறக்குறைய ஐந்து மடங்கு வாயு ஓட வேண்டும். ஆயிரத்தில் ஒன்றாக்க ஏழு மடங்கு. 40 லிட்டர் பெட்டியில் நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் ஏழு மடங்குக்கு 56 நிமிடம். ஆராய்ச்சியாளருக்குக் கிடைப்பதோ எட்டு மணி நேர ஷிப்ட். மாதிரி மாற்ற ஐந்து முறை திறந்தால் பாதிக்கு மேற்பட்ட நேரம் வாயு நிரப்புவதிலேயே போய்விடும். ஹீலியம் காற்றைவிட மிக இலேசானது. மேலே விட்டு, அடியில் வெளியேற்றினால் அது கலக்காமல் காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே வரும். நேரம் வெகுவாக மிச்சமாகும். அவசரத்தில் இரண்டு குழாய்களையும் மாற்றிச் செருகிவிட்டால் அந்த மிச்சம் போயிற்று. உள்ளே வந்த ஹீலியம் மேலேயே வழி பார்த்துக்கொண்டு போய்விடும், அடியில் காற்று அப்படியே படுத்திருக்கும். கணினித் திரையிலோ வாயு ஓடும் வேகம் சரியாக 5 லிட்டர் என்றே காட்டும்.

பழுது ஆரவாரமாக வந்தால் கவலையில்லை. கருவி நின்றுவிடும், ஆள் ஓடி வருவார். இங்கே வரும் பழுது சத்தமில்லாதது. பெட்டிக்குள் நூற்றில் ஒரு பங்கு காற்று மிச்சமிருந்தால் 10 சென்டிமீட்டரில் மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல் கதிர் குறையும். அது நிலையாக இருந்தால் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். ஓர் அளவீடு நடந்துகொண்டிருக்கும்போதே ஒன்று இரண்டாகிவிட்டால், வரைபடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூன்று சதவீதச் சரிவு தானாக ஏறிவிடும். கதிரின் மூல வலிமையை அளக்கும் கருவி பெரும்பாலும் பெட்டிக்கு முன்னால் இருப்பதால் அதற்கு இது தெரியாது. மரத்தில் சல்பேட் எத்தனை பங்கு, தனிக் கந்தகம் எத்தனை பங்கு என்று பிரிக்கிறவருக்கு அந்த மூன்று சதவீதம் பொய்யான விடையாகவே வந்து நிற்கும். போதாததற்கு, உள்ளே புகுந்த ஆக்சிஜனும் ஈரமும் கதிரின் வெளிச்சத்தில் மாதிரியையே மாற்றத் தொடங்கும். அமிலமாகிவிட்டதா என்று பார்க்கப் போன இடத்திலேயே அமிலமாக்கிவிட்டு வந்தால் என்ன பயன்?

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, செலவும் இல்லை. காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு ஆர்கான். கதிரின் ஆற்றலை 3,206 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே ஏற்றினால், பெட்டிக்குள் காற்று இருக்கும்வரை உணர்கருவியில் ஆர்கானின் முகடு எழும்பும். ஹீலியம் சரியாக நிரம்பியிருந்தால் அது அடங்கிவிடும். ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் முடிவிலும் செய்யச் சில நிமிட வேலை. ஆனால் கந்தகத்தை அளக்கும் ஆற்றலில் ஆர்கான் கண்ணுக்கே தெரியாது என்பதால், வேண்டுமென்றே நினைத்துச் செய்தால்தான் உண்டு. நினைத்துச் செய்வது யாருடைய பொறுப்பு? விருந்தாளியாக வந்து மூன்று நாளில் ஊர் திரும்பும் மாணவருடையதா? ஒரே நேரத்தில் நிர்வாகம், பயிற்சி, சொந்த ஆய்வு எல்லாவற்றையும் சுமக்கும், வளையத்தின் ஒளியை மாதிரிவரை கொண்டுவரும் தடமான பீம்லைனின் விஞ்ஞானியுடையதா? பதில் இல்லாத இடத்தில் வேலை நடக்காது.

இதற்கு முதல் மறுப்பு பணியாளர் பக்கத்திலிருந்து வரும். ஓ-ரிங் மாற்றுவதற்கு நிரந்தர வேலை எதற்கு, ஒப்பந்த ஆள் செய்யட்டும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் முடிந்தது என்பார்கள். ஏர் கண்டிஷனருக்கும் ஜெனரேட்டருக்கும் அது பொருந்தும். ஒரே மாதிரியான பழுது, ஊர் முழுதும் அதே இயந்திரம். சேம்பர்கள் அப்படியல்ல. பெரும்பாலானவை அந்தந்த ஆய்வகத்திலேயே வடிவமைத்து, அங்கேயே வெட்டிப் பொருத்தியவை. எந்த மூலை கசியும், எந்தத் திருகை எவ்வளவு இறுக்கினால் ஜன்னல் சுருங்கும் என்ற அறிவு கையேட்டில் இருக்காது, செய்த கைகளில்தான் இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஒப்பந்தத்தில் அந்த அறிவு ஆண்டுக்கு ஆண்டு கழிந்துபோகிறது. அடுத்து வருகிறவர் கசிவைத் தேடத் தெரியாமல் வாயுவின் வேகத்தைக் கூட்டுவார். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் கிணற்றிலிருந்து வேகமாக இறைப்பதுதான் அது. குடம் நிரம்பியது போலவும் தெரியும், கிணறும் வற்றும்.

கிணறு வற்றும் என்பது இங்கே வெறும் பேச்சல்ல. நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 7,200 லிட்டர். ஏறக்குறைய ஒரு முழு சிலிண்டர். சிங்க்ரோட்ரான்கள் இரவு பகல் ஓடுபவை. இந்தியா தன் ஹீலியத் தேவைக்கு இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. தமிழ்நாட்டில் குத்தாலத்தில் ஓஎன்ஜிசியின் எரிவாயுவிலிருந்து ஹீலியம் பிரிக்க அணுசக்தித் துறையின் கொல்கத்தா விஞ்ஞானிகள் சோதனை ஆலை அமைத்துப் பார்த்தார்கள். அந்த எரிவாயுவில் ஹீலியம் நூற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் அது எளிய வேலையல்ல. உலகச் சந்தையோ சில நாடுகளின் கையில். 2017-ல் அண்டை நாடுகள் கத்தாரைத் துண்டித்தபோது அதன் ஹீலிய ஆலைகள் சில வாரம் நின்றன. 2022 ஜனவரியில் ரஷ்யாவின் அமூர் ஆலையில் விபத்து. 2024-ல் அமெரிக்க அரசு தன் பழைய ஹீலிய இருப்பைத் தனியாருக்கு விற்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் சந்தை ஆட்டம் காண்கிறது. எம்ஆர்ஐ இயந்திரங்களோடு ஒப்பிட்டால் பீம்லைன்களின் பங்கு சிறியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருத்துவமனையின் ஹீலியம் இயந்திரத்துக்குள்ளேயே பெரும்பாலும் தங்குகிறது. பீம்லைனின் ஹீலியம் ஓடிக்கொண்டே இருந்து வெளிக்காற்றில் கலந்துவிடுகிறது. ஒருமுறை கலந்தால் திரும்ப வராது. கசிவில்லாத பெட்டிக்கு நிரப்பிய பிறகு மெல்லிய ஓட்டம் போதும். இங்கே பராமரிப்புதான் சிக்கனம்.

அப்படியானால் ஹீலியம் எதற்கு, நைட்ரஜன் மலிவாகக் கிடைக்கிறதே என்ற கேள்வி நியாயமானது. ஈரத்தையும் ஆக்சிஜனையும் விரட்டுவது மட்டும்தான் நோக்கம் என்றால், அதிக ஆற்றல் கதிர்களைப் பயன்படுத்தும் பீம்லைன்களுக்கு நைட்ரஜனே போதும். பல இடங்களில் அதைத்தான் விடுகிறார்கள். கந்தகம், பாஸ்பரஸ், குளோரின் என்று வந்தால் அது கைகொடுக்காது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு ஏற்கெனவே நைட்ரஜன்தான். காற்று விழுங்கும் கதிரில் பெரும்பகுதியை விழுங்குவதும் அதுதான். நைட்ரஜனுக்கு இன்னொரு முகமும் உண்டு. மூடிய அறையில் அது கசிந்தால் வாசமில்லை, மூச்சுத் திணறலும் தோன்றாது, ஆள் மயங்கி விழுவார். 2021 ஜனவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கோழி இறைச்சி பதப்படுத்தும் ஆலை ஒன்றில் திரவ நைட்ரஜன் வழிந்து ஆறு பேர் இறந்தார்கள். திரவத்தின் மட்டத்தை அளக்கும் ஒரு சிறு குழாய் வளைந்துபோயிருந்தது என்றும், ஆக்சிஜன் குறைவதை எச்சரிக்கும் கருவி அங்கே இல்லை என்றும் விசாரணை சொன்னது. சிறு குழாய்களை ‘இதர’த்தில் போடுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

வெற்றிடமே செய்துவிட்டால் எந்த வாயுவும் வேண்டாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில் பாதி ஆமாம். காய்ந்த, சிறிய மாதிரிகளுக்கு வெற்றிடம் நல்லது. பிரான்ஸின் கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரானில் ஓவியங்களின் வண்ணத் துணுக்குகளை அப்படித்தான் ஆராய்கிறார்கள். ஈர மண், இலை, நீரில் ஊறிய மரம், பேட்டரியின் திரவம் ஆகியவற்றை வெற்றிடத்தில் வைத்தால் நாம் அளக்க விரும்பிய பொருளே அங்கே இருக்காது, உலர்ந்து வேறொன்றாகியிருக்கும். வெற்றிடத்தைத் தாங்கும் ஜன்னல் தடிமனாக வேண்டும், தடிமன் கதிரைத் தின்னும். வெற்றிடத்துக்கான பம்புகளுக்கும் பராமரிப்பு உண்டு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கருவிகளே கண்காணிக்கட்டும், ஆள் எதற்கு என்பதுதான் இப்போது அதிகம் கேட்கும் வாதம். தானியங்கிக் கட்டுப்பாடு வேண்டும்தான், நான் எதிரியல்ல. ஆனால் ஆக்சிஜன் அளக்கும் மின்வேதி உணரிகளுக்கு ஆயுள் சில ஆண்டுகளே. தீர்ந்துபோன உணரி ஆக்சிஜன் இல்லை என்றே காட்டக்கூடும். நாம் கேட்க விரும்பும் பதிலும் அதுதான் என்பதால் சந்தேகம் வராது. சில வகை உணரிகள் ஹீலியம் சூழ்ந்திருக்கும்போது காற்றில் காட்டுவதற்கு மாறான அளவைக் காட்டும். அந்த வாயுவிலேயே அளவு திருத்த வேண்டும். ஒளியைப் பெருக்கும் கண்ணாடிக் குழல்களுக்குள் ஹீலியம் ஊடுருவி அவற்றைக் கெடுக்கும். உயர் மின்னழுத்தத்தில் இயங்கும் கருவிகளில் காற்றைவிட ஹீலியத்தில் மின்பொறி எளிதாகத் தாவும். கண்காணிக்கும் கருவிகளையும் கண்காணிக்க ஆள் வேண்டும்.

கடைசியாக, சொல்லத் தயங்கினாலும் பலர் மனத்தில் இருக்கும் மறுப்பு: ஏழை நாடு, முதலில் கருவி வரட்டும், பிறகு மற்றது. இந்தூரில் ராஜா ராமண்ணா மையத்தில் உள்ள இண்டஸ்-2 இந்த வாதத்தை எடைபோட நல்ல இடம். 172 மீட்டர் சுற்றளவு, 250 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல், 2005-ல் ஒளி தரத் தொடங்கியது. நாடெங்கிலுமிருந்து பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய் அளந்து வருகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வளையத்தைக் கட்டுவது ஒருமுறைச் செலவு. அதைச் சுற்றி நிற்கும் பீம்லைன்கள் ஒவ்வொன்றும் ஓடும் காலமெல்லாம் செலவு. ஒரு ஷிப்டில் கிடைக்கும் ஒளிக்கு நாடு ஏற்கெனவே மின்சாரமாகவும் சம்பளமாகவும் விலை கொடுத்துவிட்டது. கடைசிப் பத்து சென்டிமீட்டரில் அது காற்றில் கரைந்தால் இழப்பு ஒரு ஓ-ரிங்கின் விலையல்ல, அந்த ஷிப்டின் முழு விலை. தூரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ரயிலேறி வந்த மாணவருக்கு இன்னொரு ஷிப்ட் கிடைக்க மாதங்கள் ஆகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பணம் குறைவாக இருக்கும் நாடுதான் இதில் அதிகக் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

பதிவு வைப்பதைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு தரவுக் கோப்போடும் அப்போதைய வாயுவின் நிலை, ஆர்கான் சோதனையின் முடிவு, ஜன்னல் மாற்றிய தேதி மூன்றும் தானாகவே ஒட்டிக்கொள்ள வேண்டும். இது காகித வேலையைக் கூட்டும் என்று முணுமுணுப்பு எழும். பத்து ஆண்டுக்குப் பிறகு ஒருவர் அந்தத் தரவை எடுத்து மறுபடி கணக்கிடும்போது, சரிவு மரத்திலிருந்து வந்ததா காற்றிலிருந்து வந்ததா என்பதை அந்த மூன்று வரிதான் சொல்லும். ஆய்வுக் கட்டுரைகளில் சேம்பரைக் காத்தவரின் பெயர் நன்றிப் பகுதியில்கூட வராத வழக்கமும் மாறலாம். அளவீட்டின் தரத்துக்குப் பொறுப்பானவர் ஆசிரியர் பட்டியலில் இருப்பதில் தவறென்ன இருக்கிறது?

இந்தியாவில் இன்னும் பெரிய, இன்னும் பிரகாசமான ஒளிமூலம் வேண்டும் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. வேண்டியதுதான். அதற்கான திட்ட அறிக்கை வரும்போது, ஒவ்வொரு பீம்லைனுக்கும் பத்தாண்டு ஹீலியம், படலங்கள், ஓ-ரிங்குகள், உணரி மாற்று, இரண்டு நிரந்தரத் தொழில்நுட்பப் பணியிடங்கள் என்ற கணக்கு கருவியின் விலைக்குப் பக்கத்திலேயே, அதே பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மதிப்பீட்டுக் குழு அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.